பூ வைக்காத ஆறு வருஷம்

ராஜா மல்லாந்து படுத்திருந்தார். தலை ஏரிக்கரைப் பக்கம், கால் கோயில் பக்கம். இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின நீளம் இருப்பார். உடம்பெல்லாம் ஈர மண். மார்பின் மேல், மண் மிதித்தவர்களின் கால் தடம் இன்னும் காயாமல் இருந்தது. முகத்துக்கு மட்டும் சுண்ணாம்பும் காவியும் பூசி, கண்ணைப் பெரிதாகத் திறந்து வைத்திருந்தார்கள். முறுக்கு மீசை. வெயிலைப் பார்த்துக் கண் கூசாமல் படுத்திருக்கிறவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

அவருடைய இடது கைப் பக்கம் நான் நின்றிருந்தேன். வலது கைப் பக்கம் கன்னியம்மா.

கன்னியம்மா என் கொழுந்தன் பெண்சாதி. எனக்கு ஓரகத்தி, என்னைவிடச் சின்னவள். ஒரே கூரைக்கு நடுவில் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் குடித்தனம் செய்தோம். அவள் அம்மி அரைத்தால் என் வீட்டுச் சட்டி ஆடும். அத்தனை கிட்டே இருந்தும் ஆறு வருஷமாக நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடிந்தால் அவள் குவைத்துக்குப் போகிறாள். வேன் பேசியாகிவிட்டது. தடா வழியாக மெட்ராஸ், அங்கிருந்து பிளேன். வீட்டு வேலைக்கு. போனால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. எங்கள் பக்கத்திலிருந்து போன பெண்களில் ஒருத்தி என்ன ஆனாள் என்று அதுவரைக்கும் தகவலே இல்லை.

பேசி அனுப்புவதா, பேசாமலே அனுப்புவதா? அந்தப் படுகளத்தில் நின்றபோது என் மனசில் இருந்தது இது ஒன்றுதான்.

*பேர் சொல்லாத கதை*

படுகளம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், வெயில் ஏறுகிற மாதத்தில் அம்மனுக்குப் பதினெட்டு நாள் திருவிழா. மத்தியானம் பந்தலில் ஒருவர் உட்கார்ந்து கதை வாசித்து அர்த்தம் சொல்வார். அதையே ராத்திரி கூத்தாக ஆடுவார்கள். கடைசி நாள் காலையில், யுத்தத்தில் விழுந்த ராஜாவை மண்ணால் செய்து களத்தில் கிடத்துவார்கள். அதுதான் படுகளம். அன்று சாயங்காலம் தீமிதி.

கதையில் வருகிறவர்களின் பேரை ஏன் எழுதுவதில்லை என்று பத்திரிகையில் இருந்து கேட்டார்கள். எழுத முடியாது. அண்ணன் தம்பி ஐந்து பேரில் மூத்தவர் பேரைத்தான் என் மாமனார் என் வீட்டுக்காரருக்கு வைத்தார். அடுத்தவர் பேர் என் கொழுந்தனுக்கு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பேர் என் வாய்க்கு வராது. கைக்கும் வரமாட்டேன் என்கிறது.

அதனால் எனக்கு அவர் பெரியவர். எதிரில் நின்றவர் பங்காளி ராஜா. ஐவருக்கும் பெண்சாதியானவள் எங்கள் கோயிலிலேயே குடியிருக்கிறவள், அவளை நாங்கள் அம்மன் என்போம். இந்த மூன்று பேர் போதும், நான் சொல்ல வந்ததற்கு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும்தான் தமிழ் இருந்தது. அதற்குமேல் படிக்க சத்தியவேடு போய்த் தெலுங்கில் படிக்க வேண்டும். நைனா அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்சப் படிப்பெல்லாம் எனக்கு அந்தப் பந்தல்தான். கம்பத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

சின்ன வயசில் எனக்கு ஆறாத ஆச்சரியம் ஒன்று உண்டு. கதையின் முன்பாதியில் பெரியவர் சூதாடுகிறார். நாடு, தம்பிமார், கடைசியில் பெண்சாதி, எல்லாவற்றையும் வைத்துத் தோற்கிறார். இந்த மனுஷனுக்கு நல்லவர் என்று எவன் பேர் கொடுத்தான் என்று வயிறு எரியும். அதே மனுஷன் கதையின் கடைசியில் மலை ஏறுகிறார். கூட வந்தவர் எல்லாம் விழுந்துவிட்டார்கள். ஒரு நாய்தான் பாக்கி. சொர்க்கத்தின் வாசல் திறக்கிறது. நாயை விட்டுவிட்டு உள்ளே வா என்கிறார்கள். விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

பெண்சாதியை வைத்து ஆடினவரும், நாயை விடமாட்டேன் என்றவரும் ஒரே ஆள்!

எங்கே மாறினார், எந்தக் காட்டில், எந்த மரத்தடியில்? யாரிடமும் கேட்டதில்லை. வாய் வராது. ஆனால் வருஷா வருஷம் அந்த இடத்தைத் தேடிக்கொண்டு பந்தலுக்குப் போவேன். இந்த வருஷம் பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். எங்கேயோ ஒரு இடத்தில் நழுவிவிடும்.

*குழாயடி*

அம்மனிடம் எனக்குப் பிடித்தது அவள் கோபம்.

சபை நடுவே கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இழுக்கச் சொன்ன பங்காளி ராஜா விழும்வரைக்கும் இந்தக் கூந்தலை முடியமாட்டேன் என்றாள். பதின்மூன்று வருஷம் விரித்த தலையோடு இருந்தாள். இதை வாசிக்கும்போது நான் மூச்சு விடமாட்டேன். வாயில்லாத பெண்ணுக்கு அந்த மாதிரி ஒரு கோபம் கடவுள் மாதிரி தெரியும்.

எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். குடங்களை வரிசையாக வைத்துவிட்டு ஆள் அப்படி இப்படிப் போவதுண்டு, குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அன்றைக்கு என்னவோ தகராறு. கன்னியம்மா ஓடி வந்தாள், என்னென்னவோ கத்தினாள், நான் பதில் சொல்வதற்குள் என் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் குழாய்ச் சேற்றில் உட்கார்ந்தேன். கொண்டை அவிழ்ந்தது. தெருவே பார்த்தது. சைக்கிளில் போன தபால்காரர் இறங்கி நின்று பார்த்தார்.

எழுந்து, பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். தலையில் வைத்திருந்த கனகாம்பரம் சேற்றிலேயே கிடந்தது.

அன்றைக்கு நானும் ஒரு சபதம் எடுத்தேன். கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு திரிந்தால் ஊர் சிரிக்கும். அதனால், கன்னியம்மா வந்து மன்னிப்புக் கேட்கிறவரைக்கும் தலையில் பூ வைக்கமாட்டேன், அவளோடு பேசவும் மாட்டேன் என்று அம்மன் கோயில் பக்கம் திரும்பி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பெருமையாக இருந்தது. வெறும் தலையோடு கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் நானும் அந்தக் கதையில் ஒரு ஆள் என்று தோன்றும்.

இதே கதையில் இன்னொரு இடமும் உண்டு. பங்காளி ராஜா ஒருநாள் தரை என்று நினைத்துத் தண்ணீரில் கால் வைத்து விழுகிறார். அதைப் பார்த்து அம்மன் சிரித்துவிடுகிறாள். அந்த இடம் வரும்போது மட்டும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

*மலைமேல் யாருக்கும் பூ இல்லை*

சுமங்கலி பூ வைக்காமல் இருந்தால் சும்மா விடுவார்களா?

"இன்னாமே, தலை மொட்டையா கீது?" என்பார்கள் தெருவில். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வீட்டுக்காரர் இரண்டு தரம் புத்தூரிலிருந்து மல்லி வாங்கி வந்தார். சாமி படத்துக்குப் போட்டேன். மூன்றாவது தரம் வாங்கி வரவில்லை. அவர் இருந்த காலத்தில், நான் பூ வைத்துக்கொண்டிருக்கலாம் என்கிற காலத்தில், ஆறு வருஷத்தைக் கொட்டிவிட்டேன். இப்போது வைக்க முடியாது. போகட்டும்.

சபதம் எடுத்த மறுவருஷம் நடந்தே திருமலை ஏறினோம். கன்னியம்மாவைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்து, மன்னிப்புக் கேட்க வை, என்று சாமியிடம் கேட்பதாகத் திட்டம். படிக்குப் படி அதையே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

மேலே போனதும் சுற்றிப் பார்த்தேன். ஒரு பெண் தலையிலும் பூ இல்லை. பட்டுச்சேலைக்காரிக்கும் இல்லை, என்னைப்போல் நூல்சேலைக்காரிக்கும் இல்லை. அந்த மலையில் பூக்கிறதெல்லாம் சாமிக்குத்தான், மனுஷர் வைக்கக்கூடாது என்று எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அன்றைக்குப் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் வெறும் தலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடை கூடையாகப் பூ எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த வாசனையில் நடந்தால் கால் தரையில் இல்லாத மாதிரி இருந்தது.

சந்நிதியில் ஒரு விநாடி. "ஜருகு, ஜருகு" என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து லட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் நினைவு வந்தது. கேட்க வந்ததைக் கேட்கவேயில்லை.

இறங்கி வந்ததும் பழையபடி கோபம் திரும்பி வந்துவிட்டது. கீழே அலிபிரியில் விட்ட செருப்பு மாதிரி அது எனக்காகக் காத்திருந்தது.

*பரோட்டா மாஸ்டர்*

எங்கள் ஊர்க் கூத்தில் அம்மன் வேஷம் கட்டுகிறவன் கோவிந்தன். பக்கத்துத் தெரு. திருப்பதியில் புதுசு புதுசாக லாட்ஜும் ஓட்டலும் முளைத்த அந்த வருஷங்களில், எங்கள் ஊர் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேர் மெட்ராஸ், கட்டட வேலைக்கு. என் கொழுந்தனும் அப்படிப் போனவர்தான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்த் திரும்பி வந்தார். அதனால்தான் கன்னியம்மா குவைத்துக்குக் கிளம்பினாள்.

கோவிந்தன் திருப்பதி ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் லீவு கொடுக்கமாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு வருவான். வந்தால் வேஷம் கட்டுவதும் கலைப்பதும் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான். அரிதாரம் கலைக்க நான் தேங்காய் எண்ணெய் கொடுப்பேன். நான் பேசமாட்டேன் என்பதால் எல்லோரும் என்னிடம் நிறையப் பேசுவார்கள். அவனும் அப்படித்தான்.

படுகளத்துக்கு முந்தின நாள் விடிகாலையில், எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நாளைக்குத்தான் எனக்குப் பயம். தீ மிதிக்கக்கூட இவ்ளோ பயம் இல்ல."

ஏன் என்று தலையை ஆட்டினேன்.

"மொத மொத வேஷம் கட்டினப்போ எனக்கு மீசைகூட சரியா முளைக்கல. ரத்தத்துல கைய வெச்சி கூந்தல முடிஞ்சதும், ராஜா வவுத்து மேல ஏறிக் குதிப்பேன். ஜெயிச்சிட்டேன்னு. சனங்க விசில் அடிப்பாங்க."

"ம்."

"அப்புறம் எனக்கு ரெண்டு புள்ளைங்க ஆச்சி. ஒரு வருஷம் அப்படிக் குதிச்சிக்கினு கீறேன், கூத்து வாத்தியாரு கிழவி வேஷத்துல வர்றாரு. ராஜாவப் பெத்த தாயி. பழைய மொறம் ஒரு கையில, தொடப்பம் ஒரு கையில. மகன் மேல கீற தூசியத் தட்டறாரு பாரு... அக்கா, அவன் கெட்டவன்தான். எனக்குத் தெரியாதா? என் கூந்தலதான் இஸ்தாங்க. ஆனா தூசியத் தட்டறாங்களே!"

இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தான். முகத்தில் பாதி சிவப்பு, பாதி அவனுடைய கறுப்பு.

"கால் தானா எறங்கிடுச்சி. போய் அந்தத் தாயி பக்கத்துல உக்காந்துட்டேன். கதையில அது இல்ல. வாத்தியாரு ஒதைப்பாருன்னு நெனைச்சேன். அவரு ஒப்பாரிய நிறுத்தாமலே என் தலைய இஸ்து மடியில போட்டுக்கினாரு. அதுலேர்ந்து வருஷா வருஷம் அப்படித்தான் செய்யறோம். வேற ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

"வேணும்னு செய்யறியா?" நான்தான் கேட்டேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"இல்லக்கா. வேணும்னு செஞ்சா வராது. அதான் பயம். எந்த வருஷம் கால் எறங்காம போய்டுமோன்னு."

எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனான். இத்தனை வருஷம் பந்தலில் உட்கார்ந்து, பெரியவர் எந்த இடத்தில் மாறினார் என்று ஏட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். பரோட்டா தட்டுகிற ஒருத்தன் காலுக்குள் இருந்து அம்மன் ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறாள், என் வீட்டுப் பின்கட்டிலேயே!

*சிவப்புத் தண்ணீர்*

இனிப் படுகளத்துக்கே வந்துவிடுகிறேன்.

பெரியமேளம் நின்றது. ராஜாவின் தொடையில் புதைத்திருந்த சட்டி உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிட்டது. கோவிந்தன் அதில் கையை நனைத்து, விரித்த கூந்தலில் தடவி, முடிந்து, அதன் மேல் பூவைச் சுற்றினான். ஊரே குலவை போட்டது. என் தொண்டையிலிருந்தும் சத்தம் வந்தது.

கிழவி வந்தாள். மீசையை முந்தானையால் மூடிக்கொண்டு வாத்தியார்தான். ஆனால் மீசையை யார் பார்த்தார்கள்? முறத்தை வீசி வீசி, அத்தனை நீள மண் உடம்பின் தூசியைத் தட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். என்னைச் சுற்றி எல்லாப் பெண்களும் அழுதார்கள். வருஷம் முழுக்க எவனைத் திட்டினோமோ அவனுக்காக.

கோவிந்தன் ராஜாவின் மார்பு மேல் நின்றிருந்தான். நான் அவன் காலையே பார்த்தேன். இறங்குமா? கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு வலது கால் சரிந்து மண்ணில் பட்டது. போய்க் கிழவி பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் தலையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு, அம்மன் தன் கூந்தல் பூவைப் பிய்த்து சுமங்கலிகளுக்குக் கொடுக்கிறது வழக்கம். ஐந்து வருஷமும் அந்த நேரத்தில் நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றைக்கு ஒளிய மறந்துவிட்டேன். கன்னியம்மா முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று முன்னால் வந்து நின்றிருந்தேன்.

கோவிந்தன் அவளுக்குக் கொடுத்துவிட்டு ராஜாவைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். சிவப்புத் தண்ணீர் சொட்டுகிற கையில் பூவை நீட்டினான். நான் பின்னால் நகர்ந்தேன்.

"அண்ணே, அவங்களுக்குக் குடுக்காதே!"

கன்னியம்மா குரல். ராஜாவின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். குழாயடியில் ஓடி வந்த அதே ஓட்டம்.

"அவங்க மலைக்கு வேண்டிக்கினு கீறாங்க. ஆறு வருஷமா பூ வெக்கறதில்ல. நீ குடுத்து வேண்டுதலக் கெடுத்துடாதே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்படியாமே? ஆறு வருஷமாவா?" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி என் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கன்னியம்மா என் எதிரில் வந்து நின்றாள். "அக்கா, உன் வேண்டுதல் இன்னான்னு எனக்குத் தெரியாது. அது பலிக்கணும்னு நானும் அம்மனாண்ட வேண்டிக்கினுதான் கீறேன். நாளைக்கு நான் பிளேன் ஏறணும். எனக்காவும் சாமியாண்ட ஒரு வார்த்த சொல்லு." அந்தச் சேற்று மண்ணில் குனிந்து என் காலைத் தொட்டாள்.

யார் மேல் வைத்த கோபமோ, அவளே அதைச் சாமி என்று கும்பிடுகிறாள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது கூச்சம் இல்லை. கும்பிடு நன்றாக இருந்தது. அதுதான் காரணம்.

ராஜா கண்ணைத் திறந்துகொண்டு எங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். பெண்கள் வழக்கம்போல் அவர் உடம்பிலிருந்து பிடி பிடியாக மண் எடுத்தார்கள், நெல் கொட்டுகிற இடத்தில் போட. கெட்டவன் மண்தான், ஆனாலும் வீட்டுக்கு நல்லது செய்யும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அன்றைக்குக் கை நீளவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

*வேன்*

காலையில் வேன் வந்து தெருமுனையில் நின்றது. கன்னியம்மா வாசலில் ஒரு ரெக்ஸின் பையும் ஒரு அட்டைப் பெட்டியும். என் கொழுந்தன் கோலை ஊன்றிக்கொண்டு கதவோரம் நின்றார். அவர்களுடைய பெண் ஆறு வயசுக்காரி, பாப்பா என்போம், அம்மா சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றது.

என் கால் தானாக இறங்கியது என்று எழுத ஆசைதான். இல்லை. இழுத்துக்கொண்டுதான் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் போனது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தரம்.

"கன்னிம்மா."

அவள் திரும்பினாள். என் வாயிலிருந்து தன் பேர் வந்ததில் திகைத்துப் போனாள்.

"மலைக்கு வேண்டுதல் இல்லடி. உன் மேல கோவம். குழாயடியில நீ என் கொண்டைய இஸ்தியே, அதுக்குத்தான் பூ வெக்கல. அதுக்குத்தான் உன்னோட பேசவும் இல்ல."

கன்னியம்மா என் வெறும் தலையைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"பேசாத இருந்தது என் மேல கோவத்துலயா?"

"ஆமா."

"நீ யாராண்டக்கா பேசின? எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வேன் டிரைவர் எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அன்னிக்கு இந்தப் பாப்பாவுக்கு வவுத்தால போய்க்கினு இருந்தது. கைக்குழந்த. வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கொடத்த வரிசையில வெச்சிட்டு ஓடிப் பாத்துட்டு வர்றேன், என் கொடம் கடைசியில கீது. யாரோ தள்ளி வெச்சிட்டாங்க. எதிர்ல நீ இருந்த, உன் தலையில கைய வெச்சிட்டேன். நீ தள்ளலன்னு பின்னாடி எனக்கே தோணிச்சி. நீ யாரு வழிக்கும் போறவ இல்லியே. மன்னிச்சிடுக்கா."

ஆறு வருஷம் காத்திருந்த மன்னிப்பு வந்தேவிட்டது. வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அம்மன் சிரித்த இடம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போகிற இடம்.

"நான்தான் தள்ளி வெச்சேன், கன்னிம்மா. உன் கொடத்த."

இதை நான் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆள் இல்லையே, குடம்தானே என்று காலால் தள்ளினேன். தண்ணீர் நிற்கப் போகிற நேரம்.

டிரைவர் ஹாரன் அடித்தான். கன்னியம்மா அசையவில்லை. திட்டுவாள், மறுபடி கொண்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றுதான் நின்றேன். பிடித்தாள். கொண்டையை அவிழ்த்தாள். விரலால் சிக்கெடுத்து, கைக்குள் சுருட்டித் திரும்பவும் முடிந்தாள். பிறகு ரெக்ஸின் பையின் ஜிப்பைத் திறந்து, இலையில் மடித்த பொட்டலத்தை எடுத்தாள். கோவிந்தன் கொடுத்த பூ. குவைத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்திருக்கிறாள். அதைப் பாதியாகப் பிய்த்து என் தலையில் வைத்தாள்.

"மீதி எனக்கு," என்றாள். "பாப்பாவப் பாத்துக்கோக்கா. அவங்க நைனாவுக்குத் தலை பின்ன வராது."

வேன் போய்விட்டது. புழுதி அடங்குகிறவரைக்கும் நின்றேன். வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் தலையைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அன்று சாயங்காலம் அவரே போய் இரண்டு முழம் மல்லி வாங்கி வந்தார்.

கன்னியம்மா மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தாள். அதுவரைக்கும் தினம் காலையில் பாப்பா சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் முதுகு காட்டி உட்காரும். சுருட்டை முடி, சிக்கு அதிகம். எனக்கோ குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் போகிற அவசரம். சீப்பு மாட்டும், நான் இழுத்துவிடுவேன்.

"வலிக்குது பெரிம்மா," என்று கத்தும்.

கை அப்படியே நின்றுவிடும். தண்ணீர் போனால் போகட்டும் என்று, நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுப்பேன்.